கலையும் அருகிவரும் உயிர்களும்

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் ஐந்திணைக் கருப்பொருள்களை நெட்டுருச் செய்து தேர்வெழுதியிருக்கின்றோம். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் கானங்கோழி, மருதத்திற்கு நாரையும் மகன்றிலும் என அடைவே எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும், அப்பறவைகளுள் எத்தனையைக் கண்ணாற் கண்டு இன்னதென்று சொல்ல வல்லேம் என ஒருநாள் எமக்குள்ளே வினவிக்கொண்டபோது, விடை நாணத்தைத் தருவதாயிருந்தது. பெயர் நூலில் நிலைத்திருக்கின்றது. உயிரோ வெளியிற் குறைந்து வருகின்றது. எம்மைப் போன்றார்க்கு அக்குறைவு புலப்படுவதுமில்லை. இந்நாணத்தினின்றும் எழுந்ததே இக்கட்டுரை.

அருகிவரும் உயிர்களைக் காத்தற்கு இன்று வழிகள் பல உள. அரசாங்கம் சட்டம் செய்கின்றது; அறிவியலார் தொகை கணக்கிடுகின்றனர்; காடுகளும் கடற்பகுதிகளும் காப்பிடங்களாக அறிவிக்கப்படுகின்றன. நம் நாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. இவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும், நடுக்கடலில் வலை வீசும் மீனவன் அருகே காவலர் எவரும் நிற்பதில்லை. தன் தோட்டத்து மரத்தைத் தான் வெட்டுவோனை நாள்தோறும் தடுப்பாரும் இல்லை. ஓர் உயிரினம் இத்துணை குறைந்தது என்னும் எண்ணைக் கேட்டவர், ‘அந்தோ!’ என்று இரங்கி மறுகணமே மறந்துபோவர். ஆகவே, சட்டமும் கணக்கும் சென்றெட்டாத இடம் ஒன்று மக்கள் உள்ளத்தில் உண்டு. அவ்விடத்தைக் கதையும் கூத்தும் நெசவும் சிற்பமும் எங்ஙனம் எட்டுகின்றன என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எம் கருத்தை முதற்கண் சுருங்கச் சொல்லிவிடுவோம். கலையானது ஓர் உயிரின் அழகை எடுத்துக்காட்டுவதனால் மட்டும் அதனைக் காப்பதில்லை. அவ்வுயிரை மக்களுக்கு உறவாக்குவதனாலேயே காக்கின்றது. இது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்களாக ஒன்பதனை வகுக்கின்றார். அவற்றுள் ‘குழவி’ என்பது மக்கட் குழந்தைக்கு உரிய பெயர். அதனையே யானையின் கன்றுக்கும் உரியதாக்குகின்றார். நற்றிணையின் 172-ஆம் பாட்டில், சிறுமியர் விளையாட்டாக மணலிற் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகின்றது. அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று தாய் கூறியிருந்தமையால், அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேசத் தலைவி நாணுகின்றாள். குளிரால் வருந்துமென்று மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நாம் அறிவோம். மயில் போர்வையை உடுத்துமோ என அவன் ஆராய்ந்திலன். தன் மனையோர் ஒருவர் நடுங்கினாற்போலவே எண்ணினன். உறவு தோன்றிய இடத்தில் கொலை நிகழாது. இவ்வுண்மை பழம்பாட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு, நம் காலத்தில் இந்நாட்டின் மூன்று மூலைகளில் நிகழ்ந்தவற்றைச் சான்றாகக் காட்டுவோம்.

முதலாவது, குஜராத்து நாட்டுச் சௌராஷ்டிரக் கடற்கரையில் நிகழ்ந்தது. திமிங்கிலச் சுறா என்பது உலகிலுள்ள மீன்கள் அனைத்தினும் பெரியது. நாற்பது அடி நீளத்திற்கு மேலும் வளரக்கூடியது. உருவத்தாற் பெரிதாயினும், கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்டு வாழ்வது. மக்களுக்குத் தீங்கு செய்யாதது. அதன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைப் படகுகளின் மரத்தில் நீர் ஊறாதபடி பூசுதற்குப் பயன்படுத்தினர். பின்னர் அதன் ஊனை அயல்நாடுகளுக்கு அனுப்பும் வாணிகம் பெருகவே, கொலையும் பெருகிற்று. கொக்கியால் மீனைக் குத்தி, அது நீருள் மூழ்கித் தப்பாதபடி வெறும் பீப்பாய்களைக் கயிற்றாற் பிணைத்து, அது களைத்த பின்னர்க் கரைக்கு இழுத்து வருவர். அப்பீப்பாய் காரணமாகவே அம்மீனைப் ‘பேரல்’ என்று அப்பகுதியார் அழைத்தனர். கொல்லும் கருவியின் பெயரே கொல்லப்படும் உயிரின் பெயராயிற்று என்பதை நோக்குமிடத்து, அவ்வுயிர் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பது விளங்கும்.

இக்கொலையை மைக் பாண்டே என்னும் திரைப்படக் கலைஞர் படமெடுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்படம் நாட்டினரின் மனச்சான்றைத் தொட்டது. 2001-ஆம் ஆண்டில் அரசாங்கம் இம்மீனைச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்த்தது. அங்ஙனம் காவல் பெற்ற முதல் மீன் இதுவே. எனினும், சட்டம் வந்தது என்பதையே அறியாத மீனவர் பலர் இருந்தனர். ஆதலால், 2004-ஆம் ஆண்டில் இந்திய வனவுயிர் அறக்கட்டளையினர் பிறரோடு கூடி ஓர் இயக்கம் தொடங்கினர். அதற்கு முன்னின்று உதவியவர் இராமகதை சொல்வதிற் புகழ்பெற்ற மொராரி பாபு ஆவர். ‘இம்மீன் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைப் போல நம் கரைக்கு வருகின்றது, வீடு வந்த மகளைக் கொல்வார் உண்டோ?’ என்னும் கருத்தை அவர் மக்கள் முன் வைத்தார். அக்கருத்தையே கொண்டு தெருநாடகம் ஒன்றும் ஊர்தோறும் நடிக்கப்பெற்றது. காற்றடைத்து உண்மையளவிற் செய்த திமிங்கிலச் சுறா உருவத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டினர். பேரல் என்னும் பெயர் மறைந்து, ‘அன்புக்குரியவள்’ எனப் பொருள்படும் ‘வ்ஹாலி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. போர்பந்தர், துவாரகை, வெராவல் முதலிய ஊர்கள் அதனைத் தம் ஊர்ச் சின்னமாக ஏற்றுக்கொண்டன.

இதன் பயன் யாதெனின், வலையில் அகப்பட்ட திமிங்கிலச் சுறாவை விடுவித்தற்பொருட்டு மீனவர் தம் வலையைத் தாமே அறுக்கத் தொடங்கினர். இங்ஙனம் இதுகாறும் 900-க்கு மேற்பட்ட மீன்கள் கடலுக்கு மீண்டும் விடப்பட்டுள்ளன. வலை என்பது ஏழை மீனவனுக்கு எத்தகைய பொருள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அஃது அவன் ஏர், அவன் நிலம். அதனை அறுத்தவன் வெறுங்கையனாய்ப் போகாதபடி, வலைக்கு ஈடாக வனத்துறையினர் பொருளுதவி செய்கின்றனர். விடுவித்த செய்கையை மீனவர் தாமே படம்பிடித்துக் காட்டுதற்குக் கருவிகளும் அளிக்கப்பட்டன. கதை நெஞ்சை இளக்கிற்று. பொருளுதவி அந்நெஞ்சின்வழிக் கை செல்லுதற்கு இடந்தந்தது.

இரண்டாவது, அஸ்ஸாம் நாட்டில் நிகழ்ந்தது. அங்கே ‘ஹர்கிலா’ எனப்படும் பெருநாரை ஒன்று உளது. எலும்பை விழுங்குவது என்பது அப்பெயரின் பொருள். ஆளுயரத்திற்குச் சற்றே குறைந்த உயரமும், மயிரற்ற தலையும், தொங்கும் கழுத்துப் பையும் உடையது. அழுகிய ஊனை உண்பது. முற்காலத்தில் கல்கத்தா நகரத் தெருக்களைத் துப்புரவு செய்த இப்பறவை, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அந்நகராட்சியின் சின்னத்திலும் இடம் பெற்றிருந்தது. பின்னர் அந்நகரினின்றும் அது மறைந்தது. அஸ்ஸாமிலும் பீகாரிலும் கம்போடியாவிலுமே இன்று அது கூடுகட்டி வாழ்கின்றது.

இப்பறவை காட்டை விட்டு ஊர்க்குள்ளே, குடியானவர் தோட்டத்து உயர்ந்த மரங்களிற் கூடு கட்டுவது. அதன் எச்சமும், அது கொணரும் ஊனின் நாற்றமும் முற்றத்தில் விழும், ஆதலால் மக்கள் அதனைத் தீக்குறியாகக் கருதி வெறுத்தனர், மரத்தையும் வெட்டினர். பூர்ணிமா தேவி பர்மன் என்னும் உயிரியல் ஆராய்ச்சியாளர் 2007-ஆம் ஆண்டில் தாதரா என்னும் சிற்றூருக்குச் சென்றபோது, அங்ஙனம் வெட்டப்பட்ட மரமொன்றிலிருந்து ஒன்பது குஞ்சுகள் கீழே கிடக்கக் கண்டார். இரட்டைப் பெண்மக்களுக்குத் தாயாயிருந்த அவருக்கு அக்காட்சி தாங்கொணாததாயிற்று. மரத்துக்குரியவரைக் கடிந்து பேசியபோது, ஊரார் அவரையே சூழ்ந்து நகைத்தனர். தம் ஆராய்ச்சிப் பட்டத்தைப் பின்தள்ளி வைத்துவிட்டு, அவ்வூர்ப் பெண்டிரின் உள்ளத்தை மாற்றுவதையே அவர் தம் பணியாகக் கொண்டார்.

அவர் மேற்கொண்ட வழிகள் நோக்கத்தக்கன. பெண்டிரை வெறுங்கூட்டம் கூட்டி அறிவுரை கூறவில்லை. சமையற் போட்டியும் பாட்டும் வழிபாடும் ஆகிய அவர்தம் வழக்கங்களுக்குள்ளேயே புகுந்தார். கருவுற்ற பெண்ணுக்கு அங்கே ‘பஞ்சாமிர்தம்’ என்னும் சடங்கு செய்வர். நம் நாட்டு வளைகாப்பை ஒப்பது அது. நாரை கூடு கட்டும் பருவத்தில் அச்சடங்கை நாரைக்கே செய்தனர். அஸ்ஸாம் பெண்டிர் தறியிற் கைதேர்ந்தவர். அவர்களுக்குத் தறியும் நூலும் கிடைக்கச் செய்யவே, சேலையிலும், விருந்தினர்க்கு மதிப்பாக அளிக்கும் ‘கமோசா’ என்னும் துணியிலும் நாரையின் உருவத்தை நெய்தனர். எச்சமிடும் பறவை என்று இகழப்பட்டது, பெரியோர் தோளில் இடும் துணியில் ஏறிற்று. அத்துணியை விற்றுப் பெற்ற பொருள் வீட்டிற்கு உதவிற்று. ‘ஹர்கிலாப் படை’ எனப் பெயர் பூண்ட அப்பெண்டிர் குழு 2022-ஆம் ஆண்டிற்குள் பதினாயிரத்திற்கு மேற்பட்டதாக வளர்ந்தது. தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28-ஆக இருந்த கூடுகள் அவ்வாண்டிற்குள் 250-க்கு மேற்பட்டன. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு பூர்ணிமா தேவிக்கு உயர்ந்த விருதளித்தது. அழிவுநிலை உயிர்களின் உலகப் பட்டியலில் மோசமான படியில் இருந்த அப்பறவை 2023-ஆம் ஆண்டில் அதனினும் இலேசான படிக்கு மாற்றப்பெற்றது.

மூன்றாவது, நம் நீலகிரியைச் சார்ந்த கூடலூர்ப் பகுதியில் நிகழ்வது. அங்கே தேயிலைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் சிற்றூர்களும் காட்டுத் துண்டுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. யானையும் மக்களும் ஒரே வழியில் நடக்கவேண்டிய நிலை. அக்காடுகளில் உண்ணிச்செடி என்னும் புதர் அடர்ந்து பரவியுள்ளது. அமெரிக்க நாடுகளிலிருந்து அழகுக்காக வெள்ளையர் கொணர்ந்த அச்செடி, தோட்ட வேலியைத் தாண்டிக் காட்டுட் புகுந்து, யானையும் மானும் உண்ணும் புல்லை வளரவொட்டாது மூடிவிட்டது. உணவு குறைந்த யானை வயலையும் தோட்டத்தையும் நாடி வருதல் இயல்பேயன்றோ?

பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினருட் பலர் அவ்வுண்ணிச்செடியையே வெட்டி, தண்டுகளை நீரிற் கொதிக்கவைத்துப் பட்டையை உரித்து, நெகிழ்ந்த தண்டுகளை இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, உண்மையளவில் யானைகளைச் செய்கின்றனர். அவை கற்பனை யானைகளல்ல. அப்பகுதியில் நாள்தோறும் நடமாடும் யானைகளைத் தனித்தனியே நோக்கி, இது கொம்பன், இது மூத்த பிடி, இது கன்று என அடையாளம் தோன்றச் செய்தவை. இவ்வாறு செய்த யானைகள் 2021-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரப் பூங்காக்களில் நிறுத்தப்பெற்றன. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் நூறு யானைகள் கொண்ட கூட்டம் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் நகரங்கள் பலவற்றிற் காட்சிக்கு வைக்கப்பெற்றது. அவற்றை விற்ற பொருள், மக்களும் விலங்கும் ஒருங்கு வாழ்தற்குரிய பணிகளுக்கு உதவுகின்றது. செய்தவர்க்குக் கூலி கிடைக்கின்றது. காட்டிலிருந்து களையும் நீங்குகின்றது. யானையின் உணவைக் கெடுத்த செடியே யானையின் உருவாகி அதற்காகப் பேசுகின்றது.

இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, கலை புறத்தேயிருந்து வந்து புகுத்தப்பட்டதன்று. குஜராத்தில் மக்கள் பண்டே கேட்டு உருகிய கதைமரபு; அஸ்ஸாமில் பெண்டிர் பண்டே அறிந்த தறியும் சடங்கும்; கூடலூரில் யானையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் கைத்திறன். இரண்டு, கலையோடு பிழைப்புக்கும் வழி செய்யப்பட்டது. அறுந்த வலைக்கு ஈடும், தறியும் நூலும், கைவினைக்குக் கூலியும் இல்லாதிருப்பின், நாடகம் கண்டு கண்ணீர் விட்டோர் மறுநாளும் பழைய தொழிலுக்கே சென்றிருப்பர்.

மூன்றாவது உண்மை கலைஞர் கருத்திற் கொள்ளவேண்டிய எச்சரிக்கையாகும். கலை உறவை உண்டாக்கலாம், பொய்யை உண்டாக்கலாகாது. திமிங்கிலச் சுறா ஈனுவதற்கே குஜராத்துக் கரைக்கு வருகின்றது என்பதை அறிவியல் இன்னும் முற்றும் நிறுவவில்லை. மகள் என்பது உவமை. உவமையை உவமையாகவே நிறுத்தல் நன்று. அங்ஙனமே, யானை சாதுவான விலங்கு என்று மட்டும் நகரத்து மேடையிற் பாடிவிட்டுப் போவதும் அறமாகாது. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானையால் உயிரிழக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் ஏழைகள். விடியுமுன் வேலைக்கு நடப்போர், இரவிற் பயிர் காப்போர். தந்தையை இழந்த இல்லத்தின்முன் நின்று யானையின் பெருமையைப் பாட எமக்கு நா எழாது. அவ்வில்லத்தாரின் துயரையும் உடன்பாடும் கலையே மெய்யான கலை. கூடலூர் யானைகளுக்கு மதிப்பு உண்டாவது, அவற்றைச் செய்தவர் அவ்வச்சத்தின் நடுவே வாழ்பவர் என்பதனாலேயே.

இனி, மாணவராகிய நாம் செய்யக்கூடியது யாது? தேவாங்கு என்னும் சிறு விலங்கை எடுத்துக்கொள்வோம். அகன்ற கண்களும் மெலிந்த கைகால்களும் உடைய அது பகலில் மரச்செறிவில் உறங்கி, இரவில் வெளிப்பட்டுப் பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதனால் உழவர்க்கு நன்மையே செய்வது. மூடநம்பிக்கை காரணமாகவும், மருந்தென்னும் பொய்யெண்ணம் காரணமாகவும் அதனைப் பிடித்து வதைத்தனர். புதர்வேலியும் மரங்களும் அழியவே அதன் உறைவிடமும் சுருங்கிற்று. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென நம் நாட்டில் அமைந்த முதற் காப்பிடம் அதுவே.

காப்பிடம் உண்டாயிற்று, உறவு உண்டாயிற்றா? நம் பேச்சில் தேவாங்கு என்பது இன்றும் வசைச்சொல். மெலிந்த ஒருவனையும், விழித்து நிற்பவனையும் அப்பெயரால் எள்ளுகின்றோம். எம் விடுதியிலும் நோயுற்று மெலிந்து வந்த தோழர் ஒருவரை யாம் அங்ஙனம் அழைத்து நகைத்தோம். அவரும் உடன் நகைத்தார். ஆனால் அன்றிரவு உணவுக்கு வந்திலர். ஒரு சொல்லால் இரண்டு உயிர்களை ஒருங்கே இகழ்ந்தோம் என்பதை இக்கட்டுரை எழுதும்போதே உணர்ந்தோம். பேரல் என்னும் பெயரை மாற்றுதற்கு ஒரு கடற்கரை முழுதும் உழைக்க வேண்டியிருந்தது. தேவாங்கு என்னும் சொல்லிலிருந்து இகழ்ச்சியை நீக்குதற்கு நம் நாவிலிருந்தே தொடங்கலாம்.

வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் தோற்பாவைக் கூத்தும் நம்மிடத்து உள. தமிழ் மன்றத்தின் ஆண்டுவிழாவிற்கு ஆண்டுதோறும் அரசர் நாடகமே நடிக்கவேண்டும் என்னும் விதி யாதும் இல்லை. கடவூர் உழவரிடம் முதலிற் சென்று, அவர் இவ்விலங்கைப் பற்றி அறிந்தன யாவை, அஞ்சுவன யாவை என்று கேட்டு, அவர் சொல்லையே பாட்டாக்கி, முதன்முதலில் அவ்வூரிலேயே பாடலாம். அங்கே அவர் ‘உண்மைதான்’ என்று தலையசைத்த பின்னரே நம் கல்லூரி மேடைக்கு அதனைக் கொணர்தல் தகும். அவ்வேளையில் அவர் அவ்வுயிருக்கு ஓர் உறவுப் பெயரிட்டு அழைப்பாராயின், அதுவே நாம் பெறும் பரிசாகும். கருப்பொருட் பட்டியலில் நாம் கண்டறியாத பெயர்கள் இன்னும் பல உள. அவற்றுள் ஒன்றையேனும் கண்டு, கேட்டு, பாடி, உயிரோடு பின்வருவார்க்கு விட்டுச்செல்லுதல் தமிழ் கற்றார் கடன் என்பது எம் துணிபு.